மைக்கேல் பாரடேயும் அவர் குறிப்பேடுகளும்

வாசிப்பதும் எழுதுவதும் மொழிப் பாடத்திற்கே உரிய காரியங்கள் என்றும், பௌதிகமோ ரசாயனமோ கணிதமோ பயில்வோனுக்கு அவை அத்துணை வேண்டுவன அல்லவென்றும் மாணாக்கருள் பலர் எண்ணுகின்றனர். கட்டுரை வரைவது தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் திருப்தி செய்வதற்காக. சோதனைச்சாலைக் குறிப்பேடோ, பக்கத்து நண்பனுடைய ஏட்டைப் பார்த்து இரவோடிரவாகப் படியெடுத்துக் கொடுத்துவிடத் தக்கது. இக்கொள்கை நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இது சரியோ தவறோ என்று வாதிப்பதைவிட, விஞ்ஞான உலகில் ஒப்பற்ற புகழ் படைத்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து நோக்குவது நலமென்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் சிறிதே பயின்று, இளம்பிராயத்திலேயே பிழைப்பை நாடி வெளிவந்து, வாசிப்பாலும் எழுத்தாலும் தம்மைத் தாமே ஆக்கிக்கொண்ட மைக்கேல் பாரடே என்பவரே அவர்.

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, இலண்டன் மாநகரின் தென்புறத்திலுள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ஜேம்ஸ் பாரடே இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்பை நாடி வந்த கொல்லர். உடல்நலம் குன்றியவராதலின் நாள்தோறும் உலைக்களத்தில் நின்று வேலை செய்ய இயலாதவர். மக்கள் நால்வருள் நமது பாரடே மூன்றாமவர். 1801-ம் ஆண்டில் தானிய விலை மிகவும் ஏறிய காலத்தில், ஒன்பது வயதுச் சிறுவனாகிய அவருக்கு வாரம் ஒன்றிற்கு ஒரு ரொட்டியே கொடுக்கப்பட்டதென்றும், அதனை அவர் ஏழு நாளைக்கும் பகுத்து உண்ணவேண்டியிருந்ததென்றும் அறிகிறோம். இத்தகைய குடும்பத்தில் கல்விக்கு எங்ஙனம் இடமிருக்கும்? எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் சாதாரணப் பள்ளிக்கூடம் ஒன்றில் கற்றதே அவர் பெற்ற படிப்பு. சிறுவயதில் ரகர ஒலி அவர் நாவில் சரியாக எழவில்லையென்றும், தமையனாகிய ராபர்ட்டின் பெயரை அவர் பிழைபடக் கூறியது பொறாத உபாத்தியாயினி பிரம்பு வாங்கிவர அத்தமையனையே ஏவ, அவன் காசை எறிந்துவிட்டுத் தாயிடம் ஓடி முறையிட்டானென்றும், தாய் இருவரையும் அப்பள்ளியினின்றும் நிறுத்திவிட்டாளென்றும் ஒரு கதை வழங்குகிறது. பிற்காலத்தில் அரசிளங்குமாரரும் அமர்ந்து கேட்கும்படி பேசிய நாவின் தொடக்கம் இவ்வாறிருந்தது.

1804-ம் ஆண்டில் ஜார்ஜ் ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் பாரடே எடுபிடிப் பையனாக அமர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாள்களின் விலை மிகுதியாதலால், ஒரே தாளைப் பல வீட்டார் முறைவைத்து வாடகைக்குப் படிப்பது வழக்கம். அத்தாளை ஒரு வீட்டில் கொடுத்து, சிறிது நேரம் கழித்துத் திரும்பப் பெற்று, அடுத்த வீட்டிற்குக் கொண்டுசெல்வது பையனுடைய வேலை. ஓராண்டு உண்மையாய் உழைத்ததைக் கண்ட ரீபோ, 1805-ம் ஆண்டில், காணிக்கைத் தொகை யாதும் வாங்காமல், புத்தகம் தைத்துக் கட்டும் தொழிலைக் கற்பிப்பதற்காக அவரை ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்.

புத்தகக் கடையில் வேலை செய்வோர் எல்லாரும் புத்தகம் வாசிப்பவர் அல்லர். அட்டையையும் தோலையும் நூலையும் பசையையும் அறிந்து, உள்ளிருப்பதை அறியாமலே வாழ்நாளைக் கழித்தவர் பலர். பாரடேயோ பகலில் கட்டிய புத்தகத்தை வேலை முடிந்தபின் வாசித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றைக் கட்டும்பொழுது அதில் மின்சாரத்தைப்பற்றி எழுதியிருந்த பகுதி அவர் மனத்தைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார், ஓர் ஆசிரியையும் இரண்டு மாணாக்கியரும் உரையாடும் முறையில் ரசாயன சாஸ்திரத்தை விளக்கி 1806-ம் ஆண்டில் வெளியிட்டிருந்த நூல் அவரை அச்சாஸ்திரத்திற்கே உரியவராக்கிற்று.

அவர் வாசித்த முறை கவனிக்கத்தக்கது. புத்தகத்தில் ஒரு செய்தி சொல்லப்பட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாமல், வாரத்திற்குச் சில பென்னிகள் செலவிட்டு, தம் கைக்கு எட்டிய அளவில் அதைச் செய்து பார்த்தார். கண்ணாடிக் குப்பியைக்கொண்டு சிறியதொரு மின்சார யந்திரமும் அமைத்தார். மார்செட் அம்மையாரின் கூற்றுக்கள் சோதனையில் மெய்யாகவே நின்றமையால் அந்நூலைத் தாம் உறுதியாகப் பற்றிக்கொண்டதாக முதுமையிலும் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். புகழ்பெற்ற பின்னர்த் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவ்வம்மையாருக்கு அனுப்பியும் வந்தார். பரீட்சைக்காக நெட்டுருப் போடுவது ஒரு வாசிப்பு. இது உண்மையா என்று கேட்டுக்கொண்டே செல்வது மற்றொரு வாசிப்பு. பாரடே இரண்டாவதை மேற்கொண்டார்.

ஆங்கில ஞானப்பாட்டுகளால் பலரும் அறிந்த ஐசக் வாட்ஸ் என்பவர் மனத்தைச் செம்மைப்படுத்தும் வழிகளைக் குறித்து எழுதி 1741-ம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றும் அவர் கைக்குக் கிட்டிற்று. வாசித்தவற்றிலிருந்து குறிப்பெடுத்தல், விரிவுரைகளுக்குச் சென்று கேட்டல், நண்பரோடு கடிதம் எழுதிக் கருத்துப் பரிமாறல், கூடியிருந்து ஆராய்தல், சொற்களைத் திட்டமாக வழங்குதல் என்பன அந்நூல் கற்பித்த முறைகள். இவற்றை வாசித்து நன்றென்று வியந்து மூடிவைத்தோர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். பாரடே ஒவ்வொன்றையும் செய்துமுடித்தார். 1809-ம் ஆண்டில், பதினெட்டு வயது வாலிபராக, செய்தித்தாள்களிலும் சஞ்சிகைகளிலும் நூல்களிலும் கண்ட விஞ்ஞானச் செய்திகளைத் திரட்டி எழுதும் ஏடொன்றைத் தொடங்கினார்.

1810, 1811-ம் ஆண்டுகளில் ஜான் டேடம் என்பவர் தம் இல்லத்தில் மாலைவேளைகளில் நிகழ்த்திய இயற்கைத் தத்துவ விரிவுரைகளுக்கு அவர் சென்றார். கட்டணம் ஒரு விரிவுரைக்கு ஒரு ஷில்லிங். கொல்லுத்தொழில் செய்த தமையன் ராபர்ட் அப்பணத்தைக் கொடுத்துதவினார். அங்கே அவர் குறிப்பெடுத்த விதத்தைத் தாமே பின்னர் விளக்கியிருக்கிறார். தைத்த தாள்கள் சிலவற்றைக் கையில் கொண்டுபோய், விரிவுரை நடக்கும்பொழுது முக்கியமான சொற்களையும், சோதனைகளின் பெயரையும், பொருள்களின் பெயரையும் மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்வார். வீடு திரும்பியதும் அவற்றை வைத்துக்கொண்டு, தொடர்புடையனவாகவும் விரிவாகவும் தெளிவாகவும் இரண்டாம் குறிப்பு எழுதுவார். பின்னர் அவ்விரண்டையும் துணைக்கொண்டு விரிவுரை முழுவதையும் செவ்வையாக வரைவார். ஒரே பொருளை மும்முறை எழுதும்பொழுது, முதல்முறை கேட்டதும், இரண்டாம்முறை நினைத்ததும், மூன்றாம்முறை விளங்கியதும் ஏட்டில் ஏறின. இடையில் விளங்காத இடம் எதுவோ அது எழுதும்பொழுது தானே வெளிப்பட்டுவிடும். ஏனெனில் விளங்காததைத் தன் சொல்லால் எழுத ஒருவராலும் இயலாது. யந்திரங்களைப் படமாக வரைவதற்காக, ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரிடம் சித்திரமும் பயின்றார். இவ்வாறு ஆக்கிய குறிப்புக்களைத் தம் கையாலேயே நான்கு தொகுதிகளாகக் கட்டி, தம் எஜமானராகிய ரீபோவுக்கு உரிமையாக்கினார்.

டேடம் இல்லத்தில் கூடிய சங்கத்தில் பெஞ்சமின் அப்பட் என்னும் இளைஞர் அவருக்கு நண்பரானார். அப்பட் தம்மினும் நன்றாகக் கல்வி பயின்றவரென்று கண்ட பாரடே, 1812-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அவருக்கு நீண்ட கடிதங்கள் எழுதத் தொடங்கினார். இருவரும் ஒரே நகரில் வசித்தும், அடிக்கடி சந்திக்கக்கூடியவராயிருந்தும் கடிதம் எழுதியது ஏன்? கடிதம் எழுதுவதால் கையெழுத்தும் சொல்லாட்சியும் கருத்தை ஒழுங்குபடுத்தும் ஆற்றலும் வளரும் என்பதே காரணமென்று முதற்கடிதத்திலேயே அவர் எடுத்துரைத்தார். தம் குறைகளை அவர் மறைக்கவில்லை. எண்ணம் இருந்தும் சொல் கிட்டாமல் தவிப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அக்கடிதங்களிலேயே துத்தநாகத் தகடுகளையும் செப்புக் காசுகளையும் அடுக்கித் தாம் செய்த மின்சார அடுக்கைப்பற்றிய வருணனையும் காணப்படுகிறது. ஆகவே அவருக்குக் கடிதப் பயிற்சி வேறு, ரசாயனப் பயிற்சி வேறு என்பது இல்லை.

இங்ஙனமிருக்க, 1812-ம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஹம்ப்ரி டேவி என்பவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நிகழ்த்திய கடைசி நான்கு விரிவுரைகளுக்கு நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். பாரடே கடிகாரத்திற்கு மேலிருந்த மாடத்தில் அமர்ந்து கேட்டார், வழக்கம்போல் குறிப்பெடுத்தார், படங்களும் பொருளட்டவணையும் சேர்த்து எழுதிக் கட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் தொழிற்பயிற்சி முடிந்து வேறொரு கடையில் கூலிக்கு அமர்ந்தார். ஆயினும் உள்ளம் வாணிகத்தில் பொருந்தவில்லை. ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினார், விடை வரவில்லை. பின்னர் டிசம்பர் மாதத்தில், தாம் கட்டிய குறிப்பேட்டுடன் டேவிக்கே கடிதம் அனுப்பினார். வெறும் விண்ணப்பத்திற்குக் கிடைக்காத விடை, ஏட்டுடன் சென்ற கடிதத்திற்குக் கிடைத்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முதல்நாள் டேவி அன்புடன் மறுமொழி எழுதினார். நேரில் கண்டபொழுது, கைத்தொழிலை விட்டுவிட வேண்டாமென்றே முதலில் அறிவுறுத்தினார். ஆனால் சிறிது காலத்தில் சோதனைச்சாலை உதவியாளர் ஒருவர் விலக்கப்படவே, 1813-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி, வாரத்திற்கு 25 ஷில்லிங் சம்பளமும் தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகளும் தந்து பாரடேயை நியமித்தனர். பட்டமும் பரிந்துரையும் இல்லாத வாலிபனுக்கு அவன் எழுதிய ஏடே பரிந்துரையாயிற்று.

வேலை கிடைத்ததும் வாசிப்பை விட்டுவிடுவது உலக வழக்கம். பாரடே அதன்பின்னரே எழுத்துப் பயிற்சியை மிகுதிப்படுத்தினார். எட்வர்ட் மாக்ராத் முதலிய நண்பர் சிலர் மாலைவேளைகளில் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர் உச்சரிப்பையும் வாக்கிய அமைப்பையும் திருத்துவர். தாட்சண்ணியம் பாராமல் குற்றம் கூறுவதே அக்கூட்டத்தின் விதி. பல ஆண்டுகள் அஃது நடைபெற்றது. 1818-ம் ஆண்டில் நண்பருடன் சேர்ந்து கட்டுரைக் கழகம் ஒன்றும் அமைத்தார். உறுப்பினர் முறைப்படி கட்டுரை எழுதவேண்டும்; எழுதியவர் பெயர் வெளியிடப்படாது; அனைத்தும் பொது ஏடொன்றில் பதிவு செய்யப்படும். அவற்றின் பொருள் பெரும்பாலும் விஞ்ஞானமன்று. கற்பனை, பகுத்தறிவு, மனிதருடைய ஒழுக்கம் போன்றவை. இருபத்தாறு வயது நிரம்பிய ரசாயனியொருவர் இவ்வாறு பள்ளிச் சிறுவர்போல் கட்டுரை எழுதிக் காட்டியதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பேச்சுக்கலையில் வல்ல ஸ்மார்ட் என்பவரிடம் பொருள் செலவிட்டுப் பாடம் கேட்டு, அதற்கும் விரிவான குறிப்பெழுதினார். விரிவுரை நிகழ்த்தும்பொழுது மெதுவாகப் பேசும்படியும் நேரத்தைக் கவனிக்கும்படியும் நினைவூட்டும் அட்டைகளைத் தம் எதிரில் வைக்கச்செய்வதும் உண்டு.

இப்பயிற்சியின் பயன் எவ்வாறு விஞ்ஞானத்திலேயே விளைந்ததென்பதற்கு 1821-ம் ஆண்டு சான்றாகும். மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கிறதென்று அதற்கு முன் ஆண்டில் டென்மார்க் தேசத்து எர்ஸ்டெட் வெளியிட்டிருந்தார். அதனையொட்டி நாற்புறமும் கட்டுரைகள் குவிந்தன. அவற்றையெல்லாம் தொகுத்து வரலாறு ஒன்று எழுதித்தரும்படி சஞ்சிகையாசிரியராகிய நண்பர் ஒருவர் பாரடேயைக் கேட்டுக்கொண்டார். பிறர் சொன்னதைச் சுருக்கி எழுதினால் போதுமானது. பாரடேயோ தாம் எழுதப்போகும் ஒவ்வொரு சோதனையையும் செய்துபார்த்த பின்னரே எழுதினார். அவ்வாறு எழுதிவருகையில், பிறர் கவனியாது விட்ட இடம் ஒன்று புலப்பட, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்துகாட்டினார். மின்சார மோட்டார்களுக்கெல்லாம் மூலமாகிய சோதனை அதுவே. ஒரு கட்டுரையை நேர்மையாக எழுத முயன்றதில் பிறந்த கண்டுபிடிப்பு அஃது.

ஆனால் அதே கண்டுபிடிப்பு, எழுத்தின் மற்றொரு பாடத்தையும் அவருக்குக் கடுமையாகக் கற்பித்தது. உல்லாஸ்டன் என்னும் மூத்த அறிஞர், கம்பி தன்னைத்தானே சுற்றுமென்று எதிர்பார்த்து, அதற்குச் சில மாதங்களுக்கு முன் டேவியுடன் சோதனை செய்து வெற்றி காணாமல் விட்டிருந்தார். பாரடே கண்டது அதனின் வேறானதே. எனினும் அவசரமாக வெளியிட்ட கட்டுரையில் உல்லாஸ்டனின் முயற்சியைக் குறிப்பிடவில்லை. அவரைக் கண்டு அனுமதி பெறச் சென்றபோது அவர் ஊரில் இல்லையென்பது உண்மை. ஆயினும் அச்சாகிவிட்ட பின்னர் அந்தச் சமாதானம் எவர் காதில் ஏறும்? பிறர் கருத்தைக் களவாடினாரென்ற பழி எழுந்தது. 1824-ம் ஆண்டு ஜனவரியில் ராயல் சொஸைட்டிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படுமுன், தம்மை வளர்த்த டேவியே எதிர்த்து நிற்கும் துயரத்தையும் அவர் காணவேண்டியதாயிற்று. பிறருக்குரியதைப் பிறருக்கென்று எழுதுவது மரியாதை மாத்திரமன்று. எழுத்தின் உயிர்நாடி என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சோதனைச்சாலையில் அவர் ஏடும் மையும் இன்றி வேலை செய்ததில்லை. 1827-ம் ஆண்டில் வெளியிட்ட ரசாயனச் செய்முறை நூலில், குறிப்பேடும் பேனாவும் எப்பொழுதும் கைக்கெட்டும் இடத்திலிருக்க வேண்டுமென்றும், நிகழ்ந்ததை நிகழ்ந்தபொழுதே, பொருள்கள் கண்முன் இருக்கையிலேயே எழுதவேண்டுமென்றும் மாணாக்கருக்குக் கற்பித்தார். பிறகு எழுதிக்கொள்ளலாமென்று விடுவோனுக்கு நிகழ்ந்தது நினைவிராது. நிகழ்ந்திருக்க வேண்டுமென்று தான் விரும்பியதே நினைவிற்கு வரும். தம் ஞாபகசக்தி குன்றியதென்று பாரடே அடிக்கடி வருந்தியதுண்டு. அக்குறையே அவரை எழுத்தைச் சார்ந்து நிற்கச் செய்தது. 1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, இரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் கம்பி சுற்றி, ஒரு கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தும்பொழுதும் நிறுத்தும்பொழுதும் மற்றொன்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்ட வரலாறும் அவர் நாட்குறிப்பிலேயே பதிந்துள்ளது. மின் உற்பத்தி யந்திரங்களுக்கெல்லாம் அடிப்படை இதுவே. அடுத்த ஆண்டு முதல் குறிப்புக்களுக்குத் தொடர் எண் இட்டார். 1860-ம் ஆண்டில் அவ்வெண் 16,041-ஐ எட்டிற்று. வெற்றி பெற்ற சோதனைகள் மாத்திரமல்ல, தோல்வியுற்றனவும் அங்கே அதே பொறுமையுடன் எழுதப்பட்டிருக்கின்றன. 1932 முதல் 1936 வரை அந்நாட்குறிப்பு ஏழு தொகுதிகளாக அச்சிடப்பட்டது.

சொற்களின் திட்டத்திலும் அவர் கண்ணுங்கருத்துமாயிருந்தார். மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும் ஆராய்ச்சியில், பழைய பெயர்கள் தவறான கொள்கையைத் தம்முள் மறைத்து வைத்திருக்கின்றனவென்று கண்டு, 1834-ம் ஆண்டில் புதுச்சொற்களை நாடினார். கிரேக்கம் தாம் அறியாதவராதலால், அதனை அறிந்தோரிடம் கேட்க நாணவில்லை. தம் மருத்துவரையும், கேம்பிரிட்ஜ் அறிஞராகிய வியூவெல் என்பவரையும் கலந்து, எலெக்ட்ரோட், ஆனோட், காதோட், அயான் முதலிய சொற்களை வழக்கிற்குக் கொணர்ந்தார். இன்று உலகெங்கும் மாணாக்கர் வழங்கும் இச்சொற்கள், ரசாயனியும் மொழியறிஞரும் கடிதமெழுதிக் கலந்ததால் பிறந்தவை.

அவரிடம் குறையில்லையா என்றால், உண்டு. இளமையில் கணிதம் கற்க வாய்ப்பில்லாமல், வாழ்நாள் முழுதும் அது கைகூடாமலே போயிற்று. காந்தத்தையும் மின்சாரத்தையும் சூழ்ந்து நிற்கும் விசைக்கோடுகளை அவர் சொல்லாலும் படத்தாலுமே விளக்கினார். கணித வல்லுநர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. இளைஞராகிய கிளார்க் மாக்ஸ்வெல் என்பவரோ பாரடேயின் எழுத்தைப் பொறுமையாக வாசித்து, குறியீடுகள் இல்லாவிடினும் அச்சிந்தனை கணித முறையானதே என்று கண்டு, அதனைச் சமன்பாடுகளாக வடித்தார். 1857-ம் ஆண்டில் பாரடே அவருக்கு எழுதிய கடிதமொன்றில், கணித ஆராய்ச்சியாளர் தாம் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதிவைத்தால் தம்போன்றோர்க்கு எத்துணை உதவியாயிருக்கும் என்று வேண்டிக்கொண்டார். கணிதமும் ஒரு மொழியே. அதனையும் இளமையில் வாசிக்கப் பழகவேண்டும் என்பதற்கும் பாரடேயே சாட்சி.

தாம் பெற்றதை இளைஞருக்குக் கொடுப்பதில் அவர் பேரின்பம் கொண்டார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காக 1825-ம் ஆண்டில் ஏற்பட்ட கிறிஸ்துமஸ் விரிவுரைத் தொடரில், 1827 முதல் பத்தொன்பது முறை அவரே பேசினார். மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துக்கொண்டு ரசாயனம் முழுவதையும் அதனுள் காட்டிய விரிவுரைகள் 1861-ம் ஆண்டில் நூலாக வெளிவந்து பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டன. 1862-ம் ஆண்டில் பள்ளிக்கூடங்களைப்பற்றி விசாரித்த அரசாங்கக் குழுவின்முன் சாட்சியம் கூறியபொழுது, பழைய மொழிகளோடு நில்லாமல் இயற்கை விஞ்ஞானத்தையும் சிறுவர்க்குக் கற்பிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். மொழியும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று விலக்கி நிற்பதை அவர் எப்பொழுதும் விரும்பியதில்லை.

ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடிவந்தும் ஏற்காமல், எளிய வாழ்க்கையே வாழ்ந்து, 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் உயிர்நீத்தார். கொல்லர் மகன் கட்டிய அக்குறிப்பேடு, அவர் உழைத்த அந்த ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே இன்றும் போற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

மாணவ நண்பர்களே! பாரடேயின் மதிநுட்பம் நமக்கு வாய்க்காமற் போகலாம். அவர் ஏடு நமக்கும் வாய்க்கும். வகுப்பில் கேட்டதை அன்று மாலையே நம் சொல்லால் மீண்டும் எழுதிப்பார்க்க நம்மைத் தடுப்பவர் யார்? சரித்திரமாயினும், பூகோளமாயினும், பௌதிகமாயினும், எழுதமுடியாமல் பேனா எங்கே தடைப்பட்டு நிற்கிறதோ அங்கேதான் நமது அறியாமை தொடங்குகிறது. அவ்விடத்தைக் கண்டுகொள்வதே கல்வியின் தொடக்கம். நண்பன் ஏட்டைப் படியெடுப்பவன் அவ்விடத்தை ஒருநாளும் காணான். பதினான்கு வயதில் பசைக்கிண்ணத்தின் அருகே அமர்ந்திருந்த பையன் அதனைக் கண்டான். நாமும் காண்போமாக.